பள்ளத்துத் தண்ணி வத்துற வரைக்கும்

வெயிலு வந்துட்டு. மேகத்துக்குள்ளேருந்து எட்டிப் பாத்துட்டு ஓடிப்போற களவாணி வெயிலு இல்ல, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, இந்தா வந்துட்டேன், என்னத்தக் காயப் போடணுமோ போடுங்கன்னு நடுவானத்துல நிக்கிற வெயிலு. கரை ரோட்டுல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தெருவே மல்லாந்து கெடக்கு. பாயி, தலகாணி, ரேசன் அரிசி, வத்தல், பள்ளிக்கூடத்துப் பை, கல்யாண ஆல்பம், தையல் மிஷினு, கோயில் கொட்டு, யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு அவியவிய ஒளிச்சு வச்சிருந்த ஓட்டைப் பனியன் வரைக்கும் வெட்டவெளிக்கு வந்துட்டு. எல்லாத்துக்கும் காவல் பலவேசம். தலையில துண்டு, கையில கம்பு. காக்காய வெரட்டணும், ஆட்ட வெரட்டணும், மணிக்கொருக்கா அரிசியக் கிண்டி விடணும். கொம்பையா சித்தப்பா காலையில கம்பக் கையில குடுத்து, "படிச்ச பயலுவோ எல்லாம் வேலைக்குப் போயிட்டானுவோ, பாதியில விட்டவன் நீ ஒருத்தந்தாம்லே ஊர்ல மிச்சம்"னாரு. "பாதி படிச்சவன் பாதி காக்காயத்தான் வெரட்டுவேன் சித்தப்பா, மீதிய நீரு பாத்துக்கிடும்"னு இவன் சொன்னான். சுத்தி நின்ன பொம்பளையோ எல்லாம் சிரிச்சாவ. இவன் வாயத் தொறந்தா சிரிக்கணும்னு தெருவுக்கு ஒரு பழக்கம். அதுலயும் இப்ப கொஞ்சம் வேகமாவே சிரிக்காவ. நிறுத்துனா என்ன பேசணுமோன்னு பயந்து சிரிக்க சிரிப்பு அது. சிரிச்சு முடிச்சதும் எல்லா கண்ணும் ஒருக்கா வடக்க போயிட்டு வந்துச்சு. கரைக்குத் தெக்க தெரு, வடக்க பள்ளம். பள்ளத்துக்குள்ள சாஞ்சு கெடக்க வாழை, வாழைக்கு நடுவுல மோட்டார் ரூம். முந்தாநாளு அந்த ரூமோட ஆஸ்பெட்டாஸ் முனை மட்டும் பல்லு மாதிரி வெளிய நீட்டிட்டு நின்னுச்சு. நேத்து கூரை பூராவும் வந்துட்டு. இன்னைக்கு அதுக்கும் கீழ ஒரு வரிசைச் செங்கல். ஒரே ஒரு வரிசை. செவப்பா, ஈரமா, இப்பதான் குளிச்சுட்டு வந்த மாதிரி. பலவேசம் அதப் பாக்கக் கூடாதுன்னு தெக்க பாத்து உக்காந்தான். முதுகுல அந்தச் செங்கல் உறுத்துச்சு.

காக்கா ஒண்ணு வந்து வத்தல்ல உக்காந்துச்சு. போட்டும், தின்னட்டும், வயிறு எரிஞ்சா தன்னால போகும். மேல பாத்தான். ஒரு மேகம், ஒரே ஒரு துண்டு மேகம், கிழிஞ்ச பஞ்சு மாதிரி தெக்க நின்னுச்சு. வாலே, வா, நல்லா கருத்துட்டு வா, உனக்குப் புண்ணியமா போகும். அது கேக்குற மாதிரி கொஞ்சம் நகந்துச்சு, அப்புறம் வெளுத்துட்டு. டீக்கடை ரேடியோவுல காலையிலேயே சொல்லிட்டாவ, அடுத்த சில நாளைக்கு வறண்ட வானிலையே நிலவும்னு. சின்ன வயசுலேருந்து அந்த வார்த்தையக் கேட்டுட்டுதான் இருக்கான், ஒருநாளும் காதுல விழுந்ததில்ல. இன்னைக்கு அதச் சொன்ன உடனே டீக்கடையில நின்ன ஆளுவோ அத்தன பேரும் பெருமூச்சு விட்டாவ, மாஸ்டர் எல்லாருக்கும் சக்கரை கூடப் போட்டு ஆத்துனாரு. இவன் மட்டும் கிளாஸப் பாதியில வச்சுட்டு வந்துட்டான். மனுசனா இவன்? ஊரே வெயிலு கேட்டுக் கும்பிட்டுக் கெடக்கு, கைப்புள்ளைக்குக் காய்ஞ்ச துணி இல்லாம மாருல வச்சே சூடு குடுத்துட்டு இருக்கா எதுத்த வீட்டுக்காரி, சொவரு ஈரத்துல பொதுபொதுன்னு நிக்கி, இவன் உக்காந்து மழையக் கூப்பிடுதான். இந்தச் சங்கதி தெருவுக்குத் தெரிஞ்சா இதே கம்பாலதான் அடிப்பாவ. வெயிலுகந்தா மதினி நனைஞ்ச மெத்தையப் பிரிச்சு உள்பஞ்ச உதறிட்டு இருந்தா. "ஏட்டி மதினி, வெயிலுகந்தான்னு பேரு வச்சிட்டு இத்தன நாளா எங்க போயிருந்தே? உம்மேல கேசு போடணும்ட்டி." "நான் லீவு போட்டிருந்தேம்லே, இப்ப டூட்டிக்கு வந்துட்டேன்ல." அவளும் சிரிச்சா, இவனும் சிரிச்சான். சிரிச்சுட்டே அவ பஞ்ச உதறுனா, உதறிட்டே கண்ணத் தொடைச்சா. பஞ்சுத் தூசி போலருக்கு. பஞ்சுத் தூசியேதான், வேற என்ன. மெத்தைக்குள்ள இவ்வளவு பஞ்சு இருக்குன்னு எவனுக்குத் தெரியும், வீட்டுக்குள்ள இவ்வளவு சாமான் இருக்குன்னு எவனுக்குத் தெரியும், தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு. இல்ல. அங்க போகக் கூடாது. அரிசியக் கிண்டு.

அரிசியக் கிண்டுனான். புளிச்ச வாடை. விரல் நடுவுல அரிசி குளுகுளுன்னு இருந்துச்சு, உள்ள இன்னும் ஈரம். மேல காய்ஞ்சா போதுமா, உள்ளயும் காயணும். காயில் காய்ஞ்சா ஓடும். மோட்டாருக்கு அப்படித்தான், உள்ள சுத்துன செம்புக் கம்பி காயணும். கொம்பையா சித்தப்பாவோட மோட்டார், தபால்காரரு மோட்டார், எல்லாம் வயித்தப் பொளந்து காயிலை வெளிய எடுத்து வைண்டிங் கடை வாசல்ல பொணம் மாதிரி வரிசையா. பொணம் மாதிரின்னு ஏன் வருது இந்த எளவெடுத்த வாயில? வரிசையா கெடக்கு, அவ்வளவுதான். தெருவுலயே நனையாத மோட்டார் ஒண்ணே ஒண்ணு, அது இவன் வீட்டு மொட்டைமாடியில தார்ப்பாய் போத்திட்டு சொகமா உக்காந்திருக்கு. வெள்ளம்னா இந்தப் பக்கத்து வெவசாயச் சம்சாரிக்கு மொதல்ல ஞாபகம் வாரது மோட்டாருதான். அரிசி இல்ல, பாயி இல்ல, பொண்டாட்டி புள்ளை கூட ரெண்டாவதுதான். முந்தி ஒருக்கா தண்ணி புகுந்து காயில் கருகிப்போயி, வைண்டிங் கடையில மோட்டார் கெடந்த நாளெல்லாம் பள்ளத்துல வாழை நின்ன நெலையிலயே சருகாப் போச்சு. அதுலேருந்து இவங்க அய்யா செவனணைஞ்சானுக்கு வானத்துல ஒரு மொடமொடப்பு கேட்டாப் போதும், ஸ்பானரைத் தேட ஆரம்பிச்சிருவாரு. அன்னைக்கும் சாயங்காலம் பள்ளத்துலேருந்து ஒரு சத்தம்: "ஏலே, கம்பும் கயிறும் எடுத்துட்டு வா." போனான். ரெண்டு பேரும் தோள்ல கம்பக் குடுத்து, நடுவுல மோட்டாரைத் தொட்டிலு மாதிரி தொங்கவிட்டு, வழுக்கி வழுக்கி வந்தாவ. "கல்யாணப் பொண்ணக் கூட இப்படித் தூக்கிட்டு வர மாட்டாவ அய்யா." "கல்யாணப் பொண்ணு தண்ணி எறைக்குமாலே?" மாடிப்படி ஏறும்போது இவன் மூச்சு வாங்கிட்டு, "எனக்கும் இதுக்கும் ஒரே வயசு, எனக்கு என்னைக்காச்சும் ஒரு சொட்டு கிரீஸு வச்சிருக்கியளா?"ன்னான். அய்யா திரும்பக்கூட இல்ல. "அது சொன்னா ஓடுதுல்லா." இவனுக்கு அந்த எடத்துலயே கம்பக் கீழ போட்டுட்டுச் சிரிக்கணும் போல இருந்துச்சு. வாய்னா அது வாய். இவன் வாயி எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கவங்களுக்கு அதுதான் பதிலு. மோட்டார மேல வச்சு, தார்ப்பாய் போத்தி, நாலு மூலைக்கும் செங்கல் வச்சு, கொழந்தையத் தூங்க வச்சுட்டு எந்திக்க மாதிரி பைய எந்திச்சாரு. "ஸ்டார்ட்டர் டப்பா ரூம் சொவத்துல மாட்டிக் கெடக்கு. இந்தா வந்துட்டேன்." டார்ச்ச ஒரு பால் கவருக்குள்ள போட்டு வாய் கட்டிட்டு எறங்குனாரு. அந்தக் கவரு சரசரன்னு ஒரு சத்தம். படியில சரசர. வாசல்ல சரசர. அப்புறம் மழை. அந்த ராத்திரிதான் கொளம் ஒடைஞ்சுது. இவனும் அம்மாவும் மாடியில குத்தவச்சு உக்காந்திருந்தாவ, மோட்டாருக்குத் தார்ப்பாய், இவங்களுக்கு வானம். அம்மா ஒருக்கா கூட அந்தத் தார்ப்பாய எடுத்துப் போத்திக்கிடலாம்னு சொல்லல.

அய்யா இடுப்புல என்ன கலரு சாரம் கட்டியிருந்தாரு? நிவாரணக் கேம்புல ஒரு ஆபீசர் சாரு வந்து கேட்டப்ப அம்மா பச்சக் கட்டம்னா, இவன் நீலம்னான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாவ. அந்தச் சாரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. நீலந்தான். படியில எறங்கும்போது மடிச்சுக் கட்டுன சாரத்தோட பின்பக்கம் இவன் கண்ணுக்கு நேரா இருந்துச்சு, நீலம். இல்ல, ஈரத்துல எல்லாமே நீலமா தெரியும். பச்சையே ஈரமானா நீலமா தெரியுமோ? இவ்வளவு நாளு ஒரே வீட்டுல இருந்திருக்கான், அந்த மனுசனுக்கு எத்தன சாரம் உண்டுன்னு கேட்டா முழிக்கணும். இப்ப பள்ளத்துல ஒவ்வொரு நாளும் எதாவது ஒரு துணி வெளிய தெரியுது, வேலியில ஒண்ணு, வாழைக் கொண்டையில ஒண்ணு. எல்லாம் சேறு கலர்ல. தெருவுல அத்தன கொடியும் போயி எல்லாரு துணியும் அங்கதான் கெடக்கு, அதுல பச்சை எது நீலம் எது? தீயணைப்புக்காரவ படகு ரெண்டு நாளு வந்துச்சு. ஆத்துல தேடுனாவ, வாய்க்கால்ல தேடுனாவ. அன்னைக்கு வந்த தண்ணி வரத்துக்கு ஆளு நிக்க முடியுமா, ஆறுதான் கொண்டு போயிருக்கும்னு ஊரு மொத்தமும் ஆத்தப் பாத்துக் கைய நீட்டுச்சு. இவன் ஒருத்தன் பள்ளத்தக் காட்டுனான். எங்கய்யா ஒரு வேலைக்குப் போனா அத முடிக்காமத் திரும்ப மாட்டாரு சார், ரூமுக்குள்ள போயிருப்பாரு சார். அவிய பாத்தாவ. முள்ளுவேலி, சாஞ்ச வாழை, படகு உள்ள போகாது தம்பி, ரூம் கதவும் சேத்துல அடைஞ்சிருக்கும், தண்ணி வத்தட்டும்னு சொன்னாவ. தண்ணி வத்தட்டும். அதச் சொன்ன நிமிசத்துலேருந்து இவனுக்குத் தண்ணி வத்தவே கூடாதுன்னு ஆயிட்டு. தண்ணி இருக்க வரைக்கும் அய்யா எங்க வேணா இருக்கலாம்லா. அக்கரையில எதாவது ஒரு ஊர்ல, எவனாவது ஒருத்தன் வீட்டு மாடியில, போன் இல்லாம, அந்த வீட்டுக்காரன் மோட்டாரையும் கழட்டிக் குடுத்துட்டு, உக்காந்து சுக்குக் காப்பி குடிச்சிட்டு இருக்கலாம். அம்மா அப்படித்தான் சொல்லுதா. தெனமும் காலையில கண்ணாடி இல்லாம, விரலால தடவிப் பாத்து, நெத்தி நடுவுல குங்குமம் வைக்கா. அந்தக் குங்குமத்தப் பாக்கும்போது தெருப் பொம்பளையளுக்குக் கண்ணு நிலை கொள்ள மாட்டேங்கு. துட்டி கேக்க, எழவு விசாரிக்க, ஒருத்தரும் வர முடியாது. ஆளக் கண்ணால காணாம எப்படித் துட்டி கேக்க? வாராவ, சோறு கொண்டாராவ, வாசல்ல நின்னு மண்ணெண்ணெய் கெடச்சுதா, கரண்டு எப்ப வரும்னு பேசுதாவ, போயிருதாவ. சத்தம் போட்டு அழுவதுக்கு வந்தவளுவோ எல்லாம் சத்தம் போடாம திரும்பிப் போறாளுவோ, தொண்டையில பாதி விழுங்குன மாத்திர மாதிரி. வீடே அப்படித்தான் இருக்கு. அழவும் இல்ல, அழாமலும் இல்ல. ராத்திரி அம்மா மாடியப் பாத்து மல்லாந்து படுத்திருக்கா, மாடியில மோட்டார்.

"ஏலே பலவேசம், அந்த மெத்தைய ஓரமா இழு, வண்டி வருது." கொம்பையா சித்தப்பா சத்தம். திரும்பிப் பாத்தான். தள்ளுவண்டியில தார்ப்பாய் போட்டு ஒண்ணு வருது. தார்ப்பாயப் பாத்த உடனே தெரிஞ்சுட்டு. மோட்டார். வீட்டு மோட்டார். சித்தப்பா முன்னால இழுக்காரு, தபால்காரரு பின்னால தள்ளுதாரு. "என்ன சித்தப்பா, எங்க வீட்டுப் பிள்ளைய ஆரக் கேட்டு ஊர்வலம் விடுதீரு?" வாய் தன்னால சொல்லிட்டு. சித்தப்பா வண்டிய நிறுத்துனாரு. தலையச் சொறிஞ்சாரு. "மக்கா, பள்ளத்துத் தண்ணி ஊறி ஊறிக் குடிதண்ணிக் கெணறு கலங்கிப் போச்சு. பாத்தியா, புள்ளையளுக்கெல்லாம் வயித்தால போகுது. பள்ளத்து வடிமடை மண்ணு மூடிக் கெடக்கு, தண்ணி தன்னால வடியாது. எறைச்சு வாய்க்கால்ல விட்டாத்தான் உண்டு. லைன்மேன் மத்தியானத்துக்குள்ள கரண்டு குடுத்துருவேன்னு சொல்லிட்டாரு. ஓடுற மோட்டார்னா..." "அது ஓடாது சித்தப்பா." "ஏம்லே?" "காயில்ல ஈரம் ஏறியிருக்கும்." "மாடியில தார்ப்பாய்க்குள்ளயா?" "பேரிங் சத்தம் போடும்." "போட்டும், பாட்டா கேக்கப் போறோம்?" "தண்ணிக்குள்ள போடுத ஃபுட்வால்வு இல்ல." "எங்கிட்ட இருக்கு." "ஸ்டார்ட்டர்?" அந்த ஒரு வார்த்தை வாயிலேருந்து விழுந்த உடனே இவனே அதத் திரும்பப் பொறுக்கி எடுத்து முழுங்கிறணும் போல இருந்துச்சு. தபால்காரரு குனிஞ்சு வண்டிச் சக்கரத்துல இல்லாத கல்லத் தேடுனாரு. வெயிலுகந்தா மதினி பஞ்ச உதறுறத நிறுத்திட்டா. ஸ்டார்ட்டர் எங்க இருக்குன்னு அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். சொவத்துல. ஒரு வரிசைச் செங்கலுக்குக் கீழ. சித்தப்பா மெதுவா, "எங்கிட்ட ஒரு பழைய ஸ்டார்ட்டர் இருக்கு மக்கா"ன்னாரு. "எங்கம்மா குடுக்க மாட்டா. நீரு அவகிட்ட சொல்லாம எடுத்துட்டு வந்திருக்கீரு. அவளுக்குத் தெரிஞ்சா..." "தெரியும்லே." சொன்னது சித்தப்பா இல்ல. வண்டிக்குப் பின்னால அம்மா வந்துட்டு இருந்தா. கையில பழைய துணி ஒண்ணு, மோட்டார் தொடைக்க துணி. "நாந்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். நீ மெத்தைய இழு."

மெத்தைய இழுத்தான். நீருல ஊறுன மெத்தை ஒரு ஆளு கனம் கனத்துச்சு. ஒரு ஆளு கனம்னு ஏன் வருது. வண்டி கடந்து போயி கரை ஓரமா நின்னுச்சு. எறக்குனாவ, பைப்ப மாட்டுனாவ, ஒரு பக்கம் பள்ளத்துக்குள்ள, இன்னொரு பக்கம் வாய்க்காலுக்குள்ள. சித்தப்பா ஒயர இழுத்துட்டுக் கரண்டு போஸ்ட்டுக்குப் போனாரு. அம்மா மோட்டாரத் தொடைச்சா. ஒவ்வொரு போல்ட்டா, காதுக்குப் பின்னால தேச்சுக் குளிப்பாட்டுற மாதிரி. பலவேசம் பக்கத்துல போயி நின்னான். என்னன்னு கேக்க? தெரிஞ்சுதான் செய்யுதாளா, தெரியாமச் செய்யுதாளா? இவளுக்காகத்தான் இவன் மழையக் கூப்பிட்டுட்டு உக்காந்திருந்தான். இவளுக்காக மட்டுந்தானா? இல்லலே, பொய் சொல்லாத, உனக்காகவுந்தான். உனக்கு அந்தக் கதவத் தொறக்க ஆளில்லாம இருந்தா நல்லது. கரண்டு வரக்கூடாது. லைன்மேன் கால் வழுக்கி, சே, வேண்டாம், அந்த மனுசன் பாவம், அவரு வீடும்தான் முங்கிட்டு. டிரான்ஸ்பாரம் வெடிக்கட்டும், ஆளு அடிபடாம டிரான்ஸ்பாரம் மட்டும். பியூசு போகட்டும். ஒயரு பத்தாம போகட்டும். வானத்தப் பாத்தான், தொடைச்சு வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. "எம்மா." "ம்." "நாளைக்குப் போடுவோமாம்மா?" "ஏன்?" "இல்ல, இன்னும் ரெண்டு நாளு வெயிலு அடிச்சா தன்னாலயே வத்திரும்லா. மோட்டார் தேயாதுல்லா." அம்மா துணிய மடிச்சா. மடிச்சு, பிரிச்சு, மறுக்கா மடிச்சா. "நீ என்ன பயப்படுதேன்னு எனக்குத் தெரியாதாலே? நான் குங்குமம் வைக்கது ஊருக்கு. அக்கரையில இருக்காவன்னு சொன்னது உனக்கு. நீ ராத்திரி எந்திச்சு எந்திச்சு உக்காருத, அதுக்காவச் சொன்னேன்."   அம்மா பள்ளத்தப் பாத்தா, நேரா அந்தச் செங்கல் வரிசையப் பாத்தா. "எத்தன நாளைக்குலே அவிய தண்ணிக்குள்ள கெடப்பாவ? கார்த்திகையிலயே சுவெட்டர் கேக்க ஆளு. அவியளுக்குக் குளிரு தாங்காதுல்லா."

அப்ப தெருவுல ஒரு இரைச்சல். எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல கூப்பாடு, சின்னப்புள்ளையோ ஓ-ன்னு ஓடியாருது, எங்கயோ ஒரு மிக்சி வெறும் ஜாரோட கத்துது, கோயில் ரேடியோ பாதிப் பாட்டுலேருந்து எந்திச்சுப் பாடுது. கரண்டு வந்துட்டு. வெயிலுகந்தா மதினி ரெண்டு கையயும் தட்டுனா, தட்டிட்டு இவங்களப் பாத்து டக்குன்னு கைய முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டா. "தண்ணி ஊத்துலே"ன்னு சித்தப்பா சொன்னாரு. மோட்டாரோட வாய்க்குள்ள மொதல்ல நாம தண்ணி ஊத்தணும், காத்து வெளிய போகணும், அப்பத்தான் அது தண்ணி எடுக்கும். கொடம் பலவேசத்துக் கையில இருந்துச்சு. ஊத்துனான். பாதி வெளிய போச்சு. நெறையட்டும், குமிழி அடங்கட்டும், இன்னும் ஒரு குமிழி, இன்னும் ஒண்ணு. மூடியத் திருகுனான். சித்தப்பா பச்சைப் பொத்தானத் தொடல, அம்மாவப் பாத்தாரு. அம்மா வந்து அமுக்குனா. ம்ம்ம்னு ஒரு மூச்சு. அது ஓடுச்சு. சொன்னா ஓடுதுல்லா. வாய்க்காப் பக்கத்து பைப்புல மொதல்ல காத்து, அப்புறம் ஒரு தவளை, அப்புறம் கருங்காப்பி மாதிரி தண்ணி தடதடன்னு விழுந்துச்சு. யாரும் கைதட்டல. கொஞ்ச நேரம்தான். தண்ணி மெலிஞ்சு மெலிஞ்சு, பைப்பு கக் கக்னு இருமுச்சு. "அடைச்சுட்டு. ஃபுட்வால்வுல எதோ ஏறிட்டு. ஆரவாது எறங்கி எடுக்கணும்." தபால்காரரு சாரத்த மடிச்சுக் கட்டுனாரு, ஒரு கால முன்ன வச்சாரு, நின்னுட்டாரு. சித்தப்பா தொண்டையக் கனைச்சாரு. அவிய மேல குத்தமில்ல. எதுல கை படும்னு தெரியாத தண்ணியில எவன் எறங்குவான்? பலவேசம் துண்டக் கழட்டிக் கரையில போட்டுட்டு எறங்குனான். "கரண்டு ஓடுதுலே, பாத்து." "கரண்டு என்னயப் புடிச்சா கரண்டுக்குத்தான் நட்டம் சித்தப்பா." ஒருத்தரும் சிரிக்கல, அவனும் எதிர்பாக்கல.

மேல வெதுவெதுன்னு வெயிலு, ஒரு சாணுக்குக் கீழ ஐசு. நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. காலுக்கடியில சேறு விரல் விரலா புடிச்சு இழுத்துச்சு. பைப்பத் தடவிட்டே கைய உள்ள விட்டான். வால்வு. வால்வச் சுத்தி எதோ ஒண்ணு, வழவழன்னு, நீளமா, மெத்துன்னு, தோலு மாதிரி.  விட்டுட்டு ஓடிறலாம். கண்ண மூடிக்கிட்டான், மூடுனாலும் பச்சையும் நீலமும். "என்னலே?" கரையிலேருந்து அம்மா. விரலக் குடுத்து இழுத்தான். வந்துச்சு. மேல தூக்கிப் பாத்தான். "மட்டைம்மா. வாழமட்டை." "போடு அங்கிட்டு." மோட்டார் மறுக்கா இழுத்துச்சு. ஏறல அவன். எதுக்கு ஏறணும், இந்தா இன்னும் கொஞ்சத்துல மறுபடி அடைக்கும். அடைச்சுது. "என்னலே?" "சாக்கும்மா." அப்புறமும் அடைச்சுது. "என்னலே?" துணி. கைக்குத் தெரிஞ்சுட்டு, துணி. தண்ணிக்குள்ளயே அதக் கசக்கிக் கசக்கிச் சேத்தப் போக்குனான், மேல எடுக்கதுக்கு முன்னால கசக்குனான், அம்மா எந்திச்சு நின்னுட்டா, தெருவே கரையில வந்து நின்னுச்சு, எடுத்தான். ஆரோ ஒரு புள்ளையோட பள்ளிக்கூடப் பாவாடை. "பாவாடைம்மா. காக்கிப் பாவாடை." பின்னால ஒரு பொம்பள, "எம்மவளுதுதாம்லே அது"ன்னு சொல்லிட்டு, சொன்னதுக்கே வெக்கப்பட்டு அழுதா. இவன் அதப் புழிஞ்சு கரைக்கு எறிஞ்சான். காயப் போடுட்டி, வெயிலு நல்லா அடிக்கி.

கரையில கெடந்ததெல்லாம் காய்ஞ்சுட்டு வந்துச்சு. பொம்பளையோ அரிசிய அள்ளுனாவ, போர்வைய மடிச்சாவ, ஆல்பத்த ஒட்டிக்கிடாம விரல் விட்டுப் பிரிச்சாவ, எல்லாம் சத்தமில்லாம. ஆனா ஒருத்தியும் வீட்டுக்குப் போகல. அள்ளுனத மடியில வச்சிட்டு அம்மாவச் சுத்தி உக்காந்துட்டாளுவோ. வெயிலுகந்தா மதினி அம்மா தோள்ல கைய வச்சா, அம்மா தட்டி விடல. தண்ணி நெஞ்சுலேருந்து எறங்கி தொப்புளுக்கு வந்துட்டு. செங்கல்ல மூணாவது வரிசை, நாலாவது வரிசை, அப்புறம் ஒரு கட்டை. நெலைக்கட்டை. அதுக்குக் கீழ கதவோட நெத்தி. சாத்தித்தான் கெடந்துச்சு. மேல வெளிக் கொண்டி மாட்டாமத் தொங்குது, உள்பக்கம் சாத்தியிருக்கு. தண்ணி ஏறும்போது உள்ளேருந்து சாத்தியிருக்காரு, ஸ்டார்ட்டரக் காப்பாத்தவோ, தன்னக் காப்பாத்தவோ. அவருகிட்டதான் கேக்கணும். இவனுக்கு ஆச்சரியமா இருந்துச்சு, பயம் இருந்த எடத்துல இப்ப பயம் இல்ல, அங்க பெருசா ஒரு எடம் காலியா கெடக்கு, அதுல குளிரு மட்டும் நிக்கி. இவனுக்கே இப்படிக் குளிருதுன்னா. "ஏறுலே மக்கா, பொழுது எறங்குது, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்"னு சித்தப்பா கைய நீட்டுனாரு. பலவேசம் அந்தக் கையப் புடிக்கல. பல்லு கடகடன்னு அடிச்சுது. மேக்க பனைமரத்துக்குப் பின்னால சூரியன் செவந்து சாயுது, பள்ளத்துத் தண்ணி பூராவும் அந்தச் செவப்பு. அம்மா கரையிலேருந்து சேலையத் தூக்கிச் சொருகிட்டு எறங்கி வந்தா. ஒருத்தரும் தடுக்கல. வந்து பக்கத்துல நின்னு, இவன் நெஞ்சுல ஒட்டியிருந்த சேத்த உள்ளங்கையால வழிச்சு விட்டா. "குளிருதாலே?" "இல்லம்மா." ரெண்டு பேரும் கதவப் பாத்துட்டு நின்னாவ. போயிராத வெயிலே, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு, ஒரு முழம், ஒரே ஒரு முழம், கதவு தொறக்கற வரைக்கும், எங்கய்யா மேல கொஞ்சம் பட்டுட்டுப் போ.